மலையே சீயோன்: சேலம் சமவெளியினின்று சென்றோரும் அவர்தம் பாடல்களும்

1996ஆம் ஆண்டு, அதாவது சேலத்திலிருந்து நாமக்கல் தனி மாவட்டமாகப் பிரிவதற்கு முந்திய ஆண்டு, இராசிபுரம் வட்டாரத்துச் சிற்றூர்ச் சபையொன்றில் நான் புதிதாகப் பணியேற்றிருந்தேன். ஒரு ஞாயிறன்று 137ஆம் சங்கீதத்தை எடுத்துப் பிரசங்கித்தேன். இலங்கைத் தோட்டங்களிலிருந்து வந்த குடும்பங்கள் சில சபையில் இருந்தன. பாபிலோன் ஆற்றோரம் அழுதவர்கள் சீயோனுக்குத் திரும்பியபோது அடைந்த களிப்பை அறிய வேண்டுமாயின் தாயகம் திரும்பிய நம் சகோதரரைக் கேளுங்கள் என்று சொல்லி முடித்தேன். ஆராதனைக்குப் பின் வாசலில் நின்றபோது, சேகோ ஆலைக் களத்தில் மாவு காயவைக்கும் வேலை செய்துவந்த மூதாட்டி ஒருவர் என் கையைப் பற்றிக்கொண்டு, "நல்லாத்தான் சொன்னீங்க ஐயா. ஆனா நாங்க அழுதது இங்க வந்துதாங்க" என்றார்.

எனக்கு மறுமொழி தோன்றவில்லை. எபிரெய மூலத்தையும் விளக்கவுரைகளையும் பார்த்து ஆயத்தம் செய்திருந்தேன். ஆனால் சபையில் அமர்ந்திருந்தவர்களுக்குச் சீயோன் எது, பாபிலோன் எது என்று நான் எண்ணிப் பார்க்கவில்லை. பின்னாளில் மலையக மக்களின் பாடல்களைப் பற்றிக் கிடைத்தவற்றையெல்லாம் தேடிப் படிக்கலானேன். அத்தேட்டத்தின் பயனே இக்கட்டுரை.

புலம்பெயர்ந்தோர் கவிதை என்றவுடன் இன்றைய வாசகர் நினைப்பது 1983ஆம் ஆண்டு வன்செயலுக்குப் பின் இலங்கையை விட்டு நீங்கிக் கனடாவிலும் ஐரோப்பாவிலும் குடியேறிய கவிஞரின் படைப்புகளையே. அவற்றின் தகுதியை நான் குறைத்து மதிப்பிடவில்லை. எனினும் அதற்கு நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்னரே தமிழகத்துச் சமவெளியினின்று பெயர்ந்து போனவர்களும் பாடினார்கள். அவர்களுக்கு எழுத்தறிவு இல்லை. ஆகவே பாட்டு நின்றது, பாடியவர் பெயர் நிற்கவில்லை.

ஊரிழந்தோர் பாடுவது தமிழுக்குப் புதிதன்று. பறம்பு மலையையும் தந்தையையும் இழந்த பாரி மகளிர் பாட்டும், அம்மலையை விட்டு நீங்கிய கபிலர் பாட்டும் புறநானூற்றில் உள்ளன. சங்கப் புலவர் பாடிய ஓரியின் கொல்லிமலையோ நம் கண்ணெதிரில் நிற்கிறது. நம் பள்ளிப் பிள்ளைகள் மோகனூரில் பிறந்த நாமக்கல் கவிஞர் வெ. இராமலிங்கம் பிள்ளையையும் அறிவர். 1930இல் இராஜாஜி தலைமையில் வேதாரணியக் கடற்கரைக்கு நடந்த உப்புச் சத்தியாக்கிரகிகள் அவர் பாடலைப் பாடியே நடந்தனர். அதே மண்ணிலிருந்து அதற்கு முந்திய நூற்றாண்டில் கடற்கரைக்கு நடந்தோர் பல்லாயிரவர். அவர்களும் பாடிக்கொண்டுதான் நடந்தனர். அந்தப் பாட்டு நம் பாடநூலில் இல்லை.

பழைய சேலம் ஜில்லா இன்றைய சேலம், நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களைப் பெரும்பாலும் உள்ளடக்கியது. 1871ஆம் ஆண்டுக் குடிமதிப்பில் அதன் மக்கள்தொகை 19,66,995. பத்தாண்டு கழித்து 1881இல் அது 15,99,595. இடையில் வந்தது 1876 முதல் 1878 வரை நீடித்த தாது வருடப் பஞ்சம். பிறப்பினால் கூடியிருக்க வேண்டிய தொகையைக் கணக்கிலெடுக்காமலே 3,67,400 பேர் குறைந்துள்ளனர். அவர்கள் அனைவரும் மாண்டவர் அல்லர். ஒரு பகுதியினர் ஊரை விட்டுப் போனவர்கள். ஆயினும் பஞ்சம் மட்டுமே காரணமென்று எழுதுவது பாதி உண்மையாகும். கண்டிச் சீமையில் 1820களில் காப்பித் தோட்டம் தொடங்கிய காலமுதலே திருச்சிராப்பள்ளி, சேலம், மதுரை, புதுக்கோட்டைப் பகுதிகளிலிருந்து ஆட்கள் போய்க்கொண்டிருந்தனர். போனவருள் பெரும்பாலோர் தாழ்த்தப்பட்ட சாதியினர். பிறர் நிலத்தில் பண்ணையாட்களாய் இருந்தவர்கள். மழை பொய்த்த ஆண்டில் மட்டுமன்று, நன்றாய்ப் பெய்த ஆண்டிலும் அவர்களுக்கு நிலம் இல்லை. இவ்வுண்மையை விட்டுவிட்டால், வானத்தின் மேல் பழிபோட்டு மனிதர் தப்பித்துக்கொள்வர்.

சேலத்திலிருந்து கால்நடையாகத் தென்கடற்கரையை அடைந்து, தோணியில் மன்னார்க் கரைக்குக் கடந்து, அங்கிருந்து காட்டு வழியே மாத்தளைக்கு நடந்தனர். நீரின்மையாலும் வாந்திபேதியாலும் காய்ச்சலாலும் வழியில் மடிந்தோர் பலர். எத்தனை பேர் என்பதில் வரலாற்றாசிரியரிடையே பெரும் வேறுபாடு உண்டு. மடிந்தனர் என்பதில் வேறுபாடு இல்லை. 1914இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பலும் இருபுறமும் இரயிலும் இணைந்தபின் நடை குறைந்தது. ஆனால் கடன் குறையவில்லை. ஆள் சேர்க்கும் கங்காணி வழிச்செலவுக்கென்று கொடுத்த முன்பணம் தொழிலாளியின் தலையில் ஏறியது. அவன் பட்ட கடன் 'துண்டு' எனப்பட்ட சீட்டில் எழுதப்பட்டது. அத்துண்டின்றி ஒரு தோட்டத்தை விட்டு மறு தோட்டத்துக்குப் போக இயலாது. அடுத்த தோட்டம் அவனைக் கடனோடு சேர்த்தே ஏற்றுக்கொள்ளும். 1921இல்தான் இம்முறை சட்டத்தால் ஒழிந்தது.

இனிப் பாடல்களுக்கு வருவோம். இவற்றைத் திரட்டித் தந்தவர்களுள் முதன்மையானவர் சி. வி. வேலுப்பிள்ளை (1914–1984). இவர் புண்டலோயாப் பகுதியிலுள்ள மடகும்புரத் தோட்டத்தில் பிறந்தவர். ஆசிரியர், தொழிற்சங்கத் தலைவர், கவிஞர். 1947இல் தலவாக்கலைத் தொகுதியினின்று இலங்கையின் முதல் பாராளுமன்றத்துக்குத் தெரிந்தெடுக்கப்பட்டவர். அவர் தொகுத்த 'மலைநாட்டு மக்கள் பாடல்கள்' 1983இல் வெளிவந்தது. தாலாட்டு, தெம்மாங்கு, கும்மி, ஒப்பாரி என நம் ஊர்களில் வழங்கும் வகைகளே அங்கும் வழங்கின. மெட்டு சமவெளியினுடையது, பொருள் மட்டும் மலையினுடையது. ஒரு பெண் ஒரு மலையை அதில் தான் செய்த வேலையைக் கொண்டும், அதில் பறிகொடுத்த உடன்பிறந்தானைக் கொண்டும் அடையாளம் சொல்கிறாள். தேயிலைத் தூரில் தேங்காயும் மாசிக் கருவாடும் கிடைக்குமென்று கங்காணி சொன்ன பொய்யை மலையகத்தார் வழிவழியாகச் சொல்லிச் சிரித்தனர். ஒப்பாரி இவற்றுள் தலைசிறந்தது. தாய் இறந்த செய்தி மலைக்கு வந்து சேர்வதற்குள் கருமாதியும் முடிந்திருக்கும். பிணமின்றி அழவேண்டியிருந்த மகள், இறந்தவளை மட்டுமா அழுதிருப்பாள்? பிறந்த ஊரையும் சேர்த்தே அழுதாள்.

இப்பாடல்களை வெறும் துயரப் பாட்டென்று ஒதுக்குதல் கூடாது. துரை, கணக்கப்பிள்ளை, கங்காணி ஆகியோரைப் பெயர் சொல்லியும் சாடையாகவும் இழித்துரைக்கும் பகுதிகள் இவற்றில் மிகுதி. எழுத்தறியாதவர் மனு எழுத இயலாது, நீதிமன்றம் தொலைவு, சங்கம் இன்னும் தோன்றவில்லை. அந்நிலையில் கொழுந்து மலையில் நிரை பிடித்துச் செல்லும் பெண்கள் ஒருவர் பாட மற்றவர் வாங்கிப் பாடியதே அவர்களுடைய முறையீடு. எகிப்தில் இஸ்ரவேலர் இட்ட கூக்குரல் எந்த மொழியில் எந்த மெட்டில் இருந்ததென யாத்திராகமம் கூறவில்லை. அது ஏறக்குறைய இப்படித்தான் இருந்திருக்கும் என்று மாணவருக்கு நான் சொல்வதுண்டு.

அவர்கள் கொண்டுபோன மரபுரிமைகளுள் ஒன்று நமக்கு மிகவும் நெருக்கமானது. மலையகத் தோட்டங்களில் காமன் கூத்து, அருச்சுனன் தபசு ஆகியவற்றோடு பெருவழக்காய் ஆடப்படுவது பொன்னர் சங்கர் கதை. அண்ணன்மார் கதையென நாம் அறிந்த அதுவேதான். காவிரிக் கரைக் கொங்கு நாட்டின் கதை. பங்காளிகளால் துரத்தப்பட்டு, பிறர் பண்ணையில் வேலை செய்து, மீண்டும் வந்து மூதாதையர் நிலத்தை உரிமை கோரிய குன்றுடையானின் மக்களே பொன்னரும் சங்கரும். கதையின் உச்சம் படுகளம்: அண்ணன்மார் வீழ்கின்றனர், தங்கை தேடி வந்து புலம்புகிறாள், வீழ்ந்தவர் எழுப்பப்படுகின்றனர். லயங்களுக்கு நடுவேயிருந்த வெளியில், பனியில், ஆண்கள் பிணமாய் விழுந்து கிடக்க, மற்றவர்கள் சூழ்ந்து நின்று அழுது எழுப்பினர். இதில் ஒரு முரண் உண்டு; அதை மறைக்கலாகாது. கதை நிலமுடைய வேளாளக் கவுண்டரின் கதை. அதைக் கடல் கடந்து சுமந்தவருள் பலர் அந்நிலத்தில் தீண்டப்படாதவராய் உழைத்தவர். உரிமை இழந்து அலைந்து மீண்டவனின் கதை என்பதால் நிலமில்லாதவன் அதைத் தனதாக்கிக்கொண்டான் போலும். யூதரல்லாத நாம் யாத்திராகமத்தை நமதாக்கிக்கொண்டதும் அப்படித்தானே.

கிறிஸ்தவர் இவ்வரலாற்றில் எப்பக்கம் நின்றனர் என்பது அடுத்த வினா. மலையகத்தின் முதல் அச்சு நூலாகக் கருதப்படுவது 1869இல் வெளிவந்த 'கோப்பிக் கிருஷிக் கும்மி'. ஆக்கியோன் ஆபிரகாம் ஜோசப். காப்பிப் பயிர்ச்செய்கையைக் கும்மி மெட்டில் கற்பிக்கும் அந்நூல் துரைமாரின் பார்வையில் நின்று தொழிலாளரை நோக்கிப் பேசுகிறது என்பது ஆய்வாளர் கருத்து; நானும் உடன்படுகிறேன். தொழிலாளரின் கும்மியை எடுத்து முதலாளியின் பாடத்தை அதில் ஏற்றியாயிற்று. அதே 1869இல்தான் இலங்கைக் காப்பிச் செடிகளில் இலைத்துரு நோய் காணப்பட்டது. இருபதாண்டுக்குள் காப்பி அழிந்து தேயிலை வந்தது. கும்மி கற்பித்த பயிர் இல்லாமற்போயிற்று. நூல் மட்டும் நிலைத்தது. இதற்குப் பதினைந்து ஆண்டு முன்னர், 1854இல், தோட்டத் துரைமாரின் பொருளுதவியோடு 'தமிழ்க் கூலி மிஷன்' தொடங்கப்பட்டிருந்தது. அதன் ஊழியர் பலர் உண்மையாய் உழைத்தவர், பள்ளிகள் வைத்தனர், நோயாளிகளைக் கவனித்தனர். ஆனால் துரை கொடுத்த பணத்தில் நடக்கும் ஊழியத்தில் துண்டைக் குறித்துப் பிரசங்கிப்பது எளிதா? 'கூலி' என்னும் சொல்லையே பெயரில் சூட்டிக்கொண்ட மிஷனைக் குறித்து நான் இதற்கு மேல் எழுத வேண்டியதில்லை. நம்முடைய பக்கமும் பெருமைப்பட ஒன்றுமில்லை. சேலத்தில் இலண்டன் மிஷன் காலூன்றியது 1827இல். ஆட்கள் இலங்கைக்குப் பெயர்ந்ததும் அக்காலந்தொட்டே. ஆயினும் நான் படித்த நம் மிஷன் வரலாறுகளில் போனவர்களைப் பற்றி ஓரிரு வரிகளுக்கு மேல் காணவில்லை.

உரிமைக் குரலாய்ப் பாட்டை வெளிப்படையாக மேடையேற்றியவர் கிறிஸ்தவரல்லாத ஒரு பெண். தொழிற்சங்க முன்னோடி கோ. நடேசய்யரின் துணைவியார் மீனாட்சியம்மை கூட்டங்களில் தம் கணவர் பேசுமுன் பாடுவார். 1939இல் இலங்கை அரசு தன் துறைகளில் நாட்கூலி பெற்ற இந்தியரை வேலைநீக்கத் தொடங்கியது. 1940இல் 'இந்தியர்களது இலங்கை வாழ்க்கையின் நிலைமை' என்னும் பாட்டு நூலை அம்மையார் வெளியிட்டார். மக்கள் அறிந்த மெட்டுகளில் அமைத்ததால் கேட்டவர் உடனே திருப்பிப் பாட முடிந்தது. ஒப்பாரியில் பொதிந்து கிடந்த முறையீடு இங்கே பெயரோடும் அச்சோடும் வெளிவருகிறது.

ஆயினும் பேரிடி பின்னர்தான் விழுந்தது. 1948ஆம் ஆண்டு 18ஆம் எண் குடியுரிமைச் சட்டம் நவம்பர் 15 அன்று நடைமுறைக்கு வந்தது. இலங்கையில் பிறந்ததோடு, தந்தையோ, தந்தைவழிப் பாட்டனும் பூட்டனுமோ அங்கே பிறந்தவரென்று மெய்ப்பிக்க வேண்டும். லயத்தில் பிறந்த குழந்தைக்கே ஒழுங்கான பதிவில்லாதபோது பாட்டனின் பதிவுக்கு எங்கே போவது? ஏழு இலட்சத்துக்குக் குறையாதோர் நாடற்றவராயினர். மறு ஆண்டில் வாக்குரிமையும் போயிற்று. சட்டம் வந்து இருபத்தைந்தே நாளில், 1948 டிசம்பர் 10 அன்று, ஐக்கிய நாடுகள் பொதுச்சபை மனித உரிமைப் பிரகடனத்தை ஏற்றது. ஒவ்வொருவருக்கும் ஒரு நாட்டின் குடிமையுரிமை உண்டென்றும், அதை எவரிடமிருந்தும் காரணமின்றிப் பறிக்கலாகாதென்றும் அதன் 15ஆம் பிரிவு கூறுகிறது. தமிழ்க் காங்கிரசில் இருந்த சா. ஜே. வே. செல்வநாயகம் குடியுரிமைச் சட்டத்தை எதிர்த்துக் கட்சியை விட்டு விலகி, 1949இல் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார். அவர் புராட்டஸ்தாந்துக் கிறிஸ்தவர் என்பதைச் சிறு ஆறுதலாகக் குறிக்கலாம்.

இவ்விடத்தில் எஸ்றா 2ஆம் அதிகாரத்தை வாசிக்கும்படி மாணவரைக் கேட்டுக்கொள்கிறேன். பெயர்ப் பட்டியலென்று நாம் தாண்டிச் செல்லும் பகுதி அது. சிறையிருப்பினின்று திரும்பியவருள் தெல்மெலாகு, தெல்அர்சா முதலான இடங்களிலிருந்து வந்த 652 பேர் தங்கள் பிதாக்களின் வம்சத்தைக் காட்ட இயலாமல் நிற்கின்றனர். நெகேமியாவின் பட்டியலில் அத்தொகை 642. ஆசாரியருள்ளும் சிலர் தங்கள் வம்ச அட்டவணையைத் தேடினர், காணவில்லை, ஆசாரிய ஊழியத்துக்கு விலக்கானார்கள். பதிவேடு இல்லாமையால் விலக்கப்பட்டவரை நம் திருமறையே குறித்து வைத்திருக்கிறது. மற்றவரெல்லாம் குடும்பப் பெயராலோ யூதேயாவிலுள்ள ஊர்ப் பெயராலோ எண்ணப்பட, இந்த 652 பேர் மட்டும் பாபிலோன் நாட்டில் தாங்கள் வாழ்ந்த இடங்களின் பெயராலேயே அறியப்படுகின்றனர் என்பதையும் கவனிக்க. திரும்பிய நாட்டில் அவர்களுக்கு வேறு முகவரி இல்லை.

1964 அக்டோபர் 30 அன்று சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. 9,75,000 பேருள் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பகிர்ந்துகொண்டன. பகிரப்பட்ட மக்களின் தலைவர் எவரும் கலந்தாலோசிக்கப்படவில்லை. ஒரே லயத்தில் அண்ணனுக்கு ஒரு நாடு, தங்கைக்கு ஒரு நாடு என்றாயிற்று. மலையகத்திலிருந்து தலைமன்னாருக்கு ஆட்களை ஏற்றிச் சென்ற இரயிலை மக்கள் 'அழுகைக் கோச்சி' என்றனர். நூறாண்டு முன்னர்ச் சேலத்துச் சிற்றூரில் பாடிய ஒப்பாரி இப்போது இரயில் மேடையில் எதிர்த்திசையில் பாடப்பட்டது.

கரையேறியவர்க்கு நேர்ந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். தமிழக அரசு 1968 முதல் நீலகிரியில் தேயிலைத் தோட்டம் அமைத்துச் சிலருக்கு வேலை தந்தது. 1969இல் அவர்களுக்கெனக் கூட்டுறவு வங்கியும் தோன்றியது. சமவெளிக்கு அனுப்பப்பட்டவர் பாடுதான் பெரிதும் இடர்ப்பட்டது. கொழுந்து பறிக்க மட்டுமே அறிந்த கைகளுக்குச் சேலம், நாமக்கல் சமவெளியில் கொழுந்து ஏது? நான் மேலே குறித்த மூதாட்டி பாட்டனின் ஊரைத் தேடிப் போயிருக்கிறார். பெயரைச் சொன்னபோது யாருக்கும் தெரியவில்லை. சாதியைச் சொன்னபோது மட்டும் எந்தத் தெருவுக்குப் போகவேண்டுமென்று உடனே காட்டினார்களாம். அங்கே 'கள்ளத்தோணி', 'தோட்டக்காட்டான்', இங்கே 'சிலோன்காரி'. அட்டனருகே அவர் பிறந்த தோட்டத்தைப் பற்றிப் பேசும்போதெல்லாம் அவர் குரல் பாட்டாக மாறிவிடும். லயத்துக் கோடியிலிருந்த பீலித் தண்ணீரையும், பனியையும், அங்கே புதைத்த பிள்ளையையும் சொல்லிச் சொல்லிப் பாடுவார். வியர்வையும் பிணமும் எங்கே விழுந்தனவோ அதுவே அவருக்குச் சீயோன். நான் பாபிலோன் என்று காட்டிய மலையை அவர் எருசலேமென்று நினைத்து அழுதுகொண்டிருந்தார்.

எரேமியா சிறைப்பட்டோருக்கு எழுதிய நிருபத்தில், அந்நிய நாட்டில் வீடு கட்டவும் தோட்டம் நாட்டி அதன் கனியைப் புசிக்கவும் சொல்கிறார். இவர்கள் நாட்டிய தோட்டம் உலகெங்கும் பெயர் பெற்றது, கனி அவர்களுக்குரியதாகவில்லை. எனினும் நாட்டியவருக்கு அம்மண் அந்நியமாக இருக்கவில்லை. 137ஆம் சங்கீதத்தை வாசிக்கும்போது, பாபிலோனிலேயே பிறந்து, எருசலேமைக் கண்டிராத பேரப்பிள்ளைகள் அதைப் பாடினரா என்றும், பாடினராயின் எதை நினைத்துப் பாடினர் என்றும் நாம் கேட்டதில்லை. திரும்பி வர மனமின்றிப் பாபிலோனில் தங்கிவிட்ட யூதர் திரளானவர் என்பது வரலாறு. அவர்களை விசுவாசக் குறைவுள்ளோர் என்று இளமையில் நானும் பிரசங்கித்திருக்கிறேன்.

இலங்கையில் இச்சிக்கல் சட்ட அளவில் ஏறத்தாழ முடிந்தது. 2003ஆம் ஆண்டுச் சட்டம், 1964 அக்டோபர் 30 முதல் அங்கே நிலையாய் வாழ்ந்த இந்திய வமிசாவளியினருக்கும் அவர் வழித்தோன்றல்களுக்கும் குடியுரிமை வழங்கியது. ஒப்பந்தம் கையெழுத்தான அதே நாளையே சட்டம் அளவுகோலாகக் கொண்டது. 2023இல், மலையகத்தார் சென்று இருநூறாண்டு ஆனதை நினைந்து, இலங்கைத் தேசிய கிறிஸ்தவ மன்றமும் மலையக அமைப்புகளும் முன்னின்று தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடைப்பயணம் மேற்கொண்டனர். ஜூலை 28இல் தொடங்கி ஆகஸ்டு 12இல் முடிந்த அப்பயணம் முன்னோர் நடந்த வழியே சென்றது. கூலி மிஷனின் காலத்தை எண்ணும்போது, திருச்சபை இம்முறை நடந்தவரோடு நடந்தது என்பதை நன்றியோடு எழுதுகிறேன்.

நம் நாட்டில் முடியவில்லை. 1983க்குப் பின் அகதிகளாய் வந்தவருள் பல்லாயிரவர் மலையக வம்சத்தினர். அவர்தம் பாட்டனார் இந்நாட்டிலிருந்தே போனவர். சேலம், நாமக்கல் மாவட்ட முகாம்களிலும் ஈழத் தமிழர் வாழ்கின்றனர். 2021இல் தமிழக அரசு 'அகதிகள் முகாம்' என்னும் பெயரை 'இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்' என மாற்றியது. 2019ஆம் ஆண்டுக் குடியுரிமைத் திருத்தச் சட்டம் மூன்று நாடுகளிலிருந்து வந்தோரைக் குறிக்கிறது. இலங்கை அவற்றுள் இல்லை. அதே 2019இல் சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, கொட்டப்பட்டு, மண்டபம் முகாம்களிலிருந்த இந்திய வம்சாவளியினரின் குடியுரிமை விண்ணப்பங்களை ஆராயும்படி பணித்தது. எஸ்றாவின் 652 பேர் இன்னும் வரிசையில் நிற்கின்றனர்.

அம்மூதாட்டியின் பேரப்பிள்ளைக்கு நான் ஞானஸ்நானம் கொடுத்தேன். பதிவேட்டில் குடும்பத்தின் சொந்த ஊர் எதுவெனக் கேட்டபோது, அவர் தயங்காமல் தோட்டத்தின் பெயரையும், அதன் மேற்பிரிவையும், லயத்தின் எண்ணையும் சொன்னார். அதெல்லாம் இங்கே எழுத முடியாது அம்மா என்று சொல்லி, இராசிபுரம் என்று எழுதினேன். அப்பதிவேடு அச்சபையில் இன்றும் உள்ளது. அந்த வரி என் கையெழுத்திலேயே இருக்கிறது.